மெம்பர் நம்பர் 214!

உங்க வீட்டுப் பரணில் என்ன இருக்கும்? பித்தளை அண்டா, கொலு பொம்மை, ரெக்கை உடைஞ்ச டேபிள் ஃபேன்... அவ்வளவுதானே? எங்க வீட்டுப் பரணில் ஒரு கடையே இருக்கு பாஸ்!

ஆவடி செக்போஸ்ட் பக்கம் என் தாய்மாமா 1999 முதல் 2010 வரை நடத்திய சி.டி. வாடகைக் கடை அது. கடையை மூடினப்போ விற்றது போக மிச்சமிருந்த டிஸ்க்குகளை ஏழு அட்டைப்பெட்டிகளில் அடைத்து எங்க வீட்டுப் பரணில் ஏற்றிவிட்டார். போன மாசம் வெள்ளையடிக்க ஆள் வந்தபோதுதான் பெட்டிகள் கீழே இறங்கின. எனக்கோ ஸ்டடி ஹாலிடேஸ். அந்த நேரத்தில் பாடப் புத்தகத்தைத் தவிர உலகத்தில் இருக்கிற எல்லாமே சுவாரஸ்யமாத் தெரியும் இல்லையா? பெட்டிகளைக் குடைய ஆரம்பித்தேன்.

மாமா ரொம்ப சிஸ்டமேட்டிக். ஒவ்வொரு டிஸ்க்குக்கும் ஒரு நம்பர். தமிழ்ப் படம்னா 'த', இங்கிலீஷ்னா 'இ', ஹிந்தின்னா 'ஹி'. 'ஆவடியில் ஹிந்தி டிவிடியா, யாருப்பா பார்த்தா?' என்று மற்ற ஊர்க்காரர்கள் கேட்கலாம். ஆவடிக்காரங்க கேட்க மாட்டாங்க. டாங்க் தயாரிக்கிற கனரக வாகனத் தொழிற்சாலை, ராணுவத்துக்கு உடை தைக்கிற தொழிற்சாலை, ஏர்ஃபோர்ஸ் ஸ்டேஷன், சி.ஆர்.பி.எஃப். முகாம்னு ஊரே மினி இந்தியா. குவார்ட்டர்ஸ்வாசிகளை நம்பியே மாமா ஒரு தனி ஹிந்தி ரேக் வைத்திருந்தார்.

அந்த ரேக்கிலிருந்து வந்ததுதான் 'ஹி-63'. படத்தின் பெயர் மை பிரதர் நிகில். அட்டையில் ஜூஹி சாவ்லா. யஷ்ராஜ் கம்பெனி முத்திரை. அதன் மேல் மாமாவின் கையெழுத்தில் ஒரு ஸ்டிக்கர்: 'அக்கா-தம்பி சென்டிமென்ட்'.

ஃப்ரெண்ட்ஸ், அந்தப் படத்தைப் பற்றி உங்களுக்கு ஏதாவது தெரியுமா? எனக்கு அன்றுவரை தெரியாது. படம் ரிலீஸான தேதி 2005 மார்ச் 25. நான் பிறந்ததும் அதே வருஷம்தான். நெட்டில் தேடிப் பார்த்ததும் கொஞ்சம் ஷாக். ஓர் ஆணும் ஆணும் காதலித்து ஒன்றாக வாழ்வதை, கிண்டலோ வில்லத்தனமோ இல்லாமல், நட்சத்திர நடிகர்களை வைத்துச் சொன்ன ஆரம்பகால ஹிந்திப் படங்களில் முக்கியமானது இது. ஓனிர் என்ற இயக்குநரின் முதல் படம். ஹீரோ சஞ்சய் சூரியே தயாரிப்பாளர்களில் ஒருவர். பெரிய கம்பெனி எடுத்த படம் இல்லை. தோள் கொடுக்க ஆள் தேடித் தேடி, சின்ன பட்ஜெட்டில் எடுத்து முடித்தபிறகுதான் வெளியிடும் பொறுப்பை யஷ்ராஜ் ஏற்றது. அதனால்தான் அது ஆவடிவரை வந்து சேர்ந்தது. "வீர்-ஜாரா ஆர்டர் போட்டேன்டா. கூடவே இதையும் அனுப்பிட்டாங்க. ஜூஹி சாவ்லா இருக்கே, ஓடும்னு வெச்சேன்" என்றார் மாமா.

"நீங்க பார்த்தீங்களா மாமா?"

"கடைக்காரன் எங்கடா படம் பார்க்கறான்?"

கதையைச் சொல்லிடறேன். கோவா. 1980-களின் கடைசி. நிகில், மாநில நீச்சல் சாம்பியன். அப்பாவின் பெருமை, அம்மாவின் செல்லம். ரத்தப் பரிசோதனையில் எச்.ஐ.வி. என்று தெரிகிறது. நேற்றுவரை தோளில் தூக்கியவர்கள், அவன் குளத்தில் இறங்கினால் ஏறிப் போய்விடுகிறார்கள். பெற்றோர் கதவைச் சாத்துகிறார்கள். போலீஸ் பிடித்துக்கொண்டு போய்த் தனியாக அடைக்கிறது. கூட நிற்பது ரெண்டே பேர். அக்கா அனாமிகா. இன்னொருத்தன் நைஜல், நிகிலின் காதலன். படம் முழுக்க ஒரு டாக்குமென்டரி மாதிரி போகும். அக்கா, அப்பா, அம்மா, நைஜல் எல்லாரும் ஒவ்வொருவராக கேமராவைப் பார்த்து நம்மிடமே பேசுவார்கள்.

'சினிமாதானே, ஓவரா எடுத்திருப்பாங்க' என்று நினைத்தால் அங்கேதான் அடி விழும். நிகில் கற்பனை. ஆனால் அவனுக்குள் இருப்பவர் நிஜம். கோவாவைச் சேர்ந்த டொமினிக் டிசோசா, வன உயிர் அமைப்பு ஒன்றில் வேலை பார்த்தவர், தவறாமல் ரத்ததானம் செய்தவர். அந்த ரத்தத்தைச் சோதித்ததில்தான் விஷயம் வெளியே வந்தது. 1989 பிப்ரவரியில் போலீஸ் வந்து அழைத்துப்போய், கைவிடப்பட்ட ஒரு காசநோய் சானடோரியத்தில் தனியாக வைத்தார்கள். 64 நாட்கள்! எச்.ஐ.வி. இருந்தாலே தனிமைப்படுத்தலாம் என்று அப்போதைய கோவா சுகாதாரச் சட்டம் சொன்னது. அவருடைய அம்மா லூசி டிசோசா பம்பாய் ஹைகோர்ட்டில் வழக்குப் போட்டார். மகனுக்காகச் சட்டத்தையே எதிர்த்து ஓர் அம்மா! கோர்ட் அந்தச் சட்டப்பிரிவை ரத்து செய்யவில்லை. டொமினிக் வெளியே வந்து, இதே நோயோடு இருப்பவர்களுக்காக 'பாசிட்டிவ் பீப்பிள்' என்ற அமைப்புக்கு வித்திட்டார். 1992-ல் இறந்துபோனார்.

இங்கே ஒரு ட்விஸ்ட். லூசி அம்மாவுக்காக வாதாடிய வக்கீல் ஆனந்த் குரோவர். பத்தொன்பது வருஷம் கழித்து, 2009 ஜூலை 2-ம் தேதி 377-வது பிரிவுக்கு எதிராக டெல்லி ஹைகோர்ட் தீர்ப்பு சொன்னதே, அந்த வழக்கிலும் வாதாடியது அவர்தான்! 1860-ல் வெள்ளைக்காரன் எழுதிவைத்த அந்தப் பிரிவு, ஆயுள் தண்டனைவரை போகக்கூடியதாக இருந்தது. 2013 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் அந்தத் தீர்ப்பைக் கவிழ்த்து, பிறகு 2018 செப்டம்பர் 6-ம் தேதி, மனமொத்த வயதுவந்தவர்களின் உறவு குற்றமில்லை என்று முடிவாகச் சொன்னது. மாமா கடை 'ஹி-63'-ஐ வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்த காலத்தில் பாதிக்குமேல் 377 உயிரோடு இருந்தது என்பதை மட்டும் ஞாபகத்தில் வெச்சுக்கோங்க.

ஏன்னா, பெட்டியில் டிஸ்க்கோடு இன்னொன்றும் கிடைத்தது. கடையின் லெட்ஜர்.

லாங் சைஸ் நோட்டு. தேதி, மெம்பர் நம்பர், டிஸ்க் நம்பர், திரும்பி வந்த தேதி, ஃபைன்னு கட்டம் போட்டது. சும்மா புரட்டினேன். 'ஹி-63' ஜாஸ்தி போகவில்லை. ரெண்டு மூன்று குவார்ட்டர்ஸ் குடும்பங்கள் ஒரே ஒரு முறை எடுத்திருக்கின்றன. 2006 ஆகஸ்டில் மெம்பர் நம்பர் 214. அக்டோபரில் மறுபடியும் 214. டிசம்பரில் 214. 2007-ல் மேலும் மூன்று முறை. மொத்தம் ஆறு முறை, ஒரே ஆள், ஒரே படம்.

இன்னொன்று கண்ணில் பட்டது. ஆறு முறையும் 214 இந்த டிஸ்க்கைத் தனியாக எடுக்கவில்லை. கூடவே ஒரு சூப்பர் ஹிட் தமிழ்ப் படம். கில்லி, சந்திரமுகி, கஜினி, மறுபடியும் கில்லி, போக்கிரி, சிவாஜி. மெடிக்கல் ஷாப்பில் சிலர் ஒரு பொருளை வாங்கும்போது கூடவே ஒரு விக்ஸ் மிட்டாயும் வாங்குவாங்களே, அது மாதிரி. மேலே கில்லி, கீழே நிகில். எனக்கு அப்படித்தான் தோணுச்சு.

214 யார்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சுக்கவும் போறதில்லை. ஜூஹி சாவ்லாவின் வெறித்தனமான ரசிகராகவும் இருக்கலாம். சொந்தத்தில் யாருக்காவது எச்.ஐ.வி. இருந்திருக்கலாம். மாமாவுக்கு முகம்கூட சரியாக ஞாபகம் இல்லை. "ஒல்லியா ஒரு பையன். கடை சாத்தற நேரத்துக்குத்தான் வருவான். அதிகம் பேச மாட்டான்" என்றார். அவ்வளவுதான் தகவல்.

ஆனா, அந்த ஆறு ராத்திரிகளை என்னால் நினைக்காமல் இருக்க முடியவில்லை. இன்னிக்கு உங்க கையில் போன், காதில் இயர்போன். என்ன பார்க்கிறீங்கன்னு பக்கத்துப் படுக்கைக்குக்கூடத் தெரியாது. அன்றைக்கு 'ஹோம் வீடியோ' என்றால் வீட்டுக்கே ஒரே டிவி, அதுவும் ஹாலில். அப்பா நியூஸ் பார்த்து, அம்மா சீரியல் பார்த்து, தங்கச்சி தூங்கி, எல்லாரும் படுத்தபிறகு வால்யூமை ரெண்டு புள்ளியில் வைத்து, கை ரிமோட்டிலேயே இருக்க... தியேட்டரில் பார்க்கவே வாய்ப்பில்லாத ஒரு படத்தை அப்படித்தான் பார்த்திருக்க முடியும். டிஸ்க் வீட்டுக்குள் வரும். ஆனால் ஒளிச்சுத்தான் வரணும். திரும்பக் கொடுக்கும்போது கடைக்காரர் முகத்தையும் பார்க்கணும்.

ஒரு வகையில் 214 அதிர்ஷ்டசாலி. இந்தப் படத்துக்கு சென்சார் சான்றிதழ் கிடைத்தது. அதனால் டிவிடி கடைகளுக்கு வந்தது. மும்பையின் ஸ்ரீதர் ரங்கையன் எடுத்த குலாபி ஆயினா என்ற 40 நிமிஷப் படத்துக்கு 2003-ல் சான்றிதழே மறுத்துவிட்டார்கள். உலகம் முழுக்க எத்தனையோ திரைவிழாக்களில் ஓடி விருது வாங்கியது, நம்ம ஊர் ரேக்கில் மட்டும் உட்காரவில்லை. 2015-ல் நெட்ஃப்ளிக்ஸில் ஏறியது. மும்பையில் 2010-லிருந்து 'காஷிஷ்' திரைவிழாவைத் தொடங்கி நடத்திவருவதும் அதே ரங்கையன்தான்.

சரி, நம்ம தமிழ்ல? அதே பெட்டிகளில் தேடினேன். வேட்டையாடு விளையாடு இருந்தது, 2006. கொலைகார ஜோடியை 'அப்படிப்பட்டவங்க' என்று போகிற போக்கில் குத்திக்காட்டிவிட்டுப் போகும் படம். 2010-ல் வெங்கட் பிரபுவின் கோவா. சம்பத்தும் அரவிந்த் ஆகாஷும் ஜோடியாக வருவார்கள். காமெடிதான், ஆனால் அன்பு இருக்கும். (கோவா என்றால் ஹிந்திக்காரர்களுக்கு டொமினிக்கின் சானடோரியம், நமக்கு பீச். என்னத்த சொல்ல!) லோகேஷ் குமார் இயக்கிய என் மகன் மகிழ்வன் 2017-ல் வந்தது, மகனைப் புரிந்துகொள்ளத் திணறும் அம்மாவாக அனுபமா குமார். 2025 பிப்ரவரி 14 அன்று ஜெயப்பிரகாஷ் ராதாகிருஷ்ணனின் காதல் என்பது பொதுவுடமை தியேட்டருக்கே வந்தது. ரெண்டு பெண்களின் காதல், அம்மாவாக ரோகிணி. கவனிச்சீங்களா, எல்லாக் கதையும் சுத்திச் சுத்தி ஹாலுக்குத்தான் வருது. அப்பா அம்மா உட்கார்ந்திருக்கிற அந்த ஹாலுக்கு.

அதனால் நானும் அதை ஹாலிலேயே போட முடிவு பண்ணினேன்.

முதல் பிரச்னை பிளேயர். என் லேப்டாப்பில் டிஸ்க் போடும் வழியே கிடையாது. பரணில் இருந்த பழைய டிவிடி பிளேயரோ 'நோ டிஸ்க்' என்று அடம் பிடித்தது. நான் இ.சி.இ. மூன்றாம் வருஷம் சார், விடுவேனா? டிவிடியைப் படிக்கும் லேசர் 650 நானோமீட்டர், சி.டி.க்கு 780. லென்ஸ் மேல் பதினஞ்சு வருஷத் தூசி உட்கார்ந்தால் ரெண்டுமே வேலைக்கு ஆகாது. மூடியைக் கழற்றி, இயர்பட்டில் ஸ்பிரிட் நனைத்து மெல்லத் துடைத்தேன். ஓடிடுச்சு! ஆறு செமஸ்டரில் நான் படித்தது வீட்டுக்கு உபயோகப்பட்ட முதல் சம்பவம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மாமா ஈஸி சேரில். அம்மா கீழே உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டு. ஹிந்தியில் எங்க மூணு பேருக்கும் சேர்த்து நாலு வார்த்தைதான் தெரியும். கீழே வரும் இங்கிலீஷ் சப்டைட்டிலைப் பார்த்து நான் தமிழில் சொல்லவேண்டும் என்பது ஏற்பாடு.

பத்து நிமிஷத்தில் மாட்டிக்கொண்டேன். அம்மா நைஜலைக் காட்டிக் கேட்டாங்க: "இந்தப் பையன் யாரு?"

எனக்கு வார்த்தை வரலை. நம்புங்க, காலேஜில் நாங்க இதுக்குப் பதினஞ்சு வார்த்தை வெச்சிருக்கோம். லேப்பில் ரெண்டு பசங்க ஒட்டி உட்கார்ந்தா ஒண்ணு, எவனாவது பிங்க் சட்டை போட்டா இன்னொண்ணு. நானும் சொல்லியிருக்கேன், சிரிச்சிருக்கேன். அதில் ஒன்றைக்கூட அம்மா முன்னால் சொல்ல முடியாது. எல்லாமே வசவு! பேப்பரில் பல வருஷமாக எழுதிவந்த 'ஓரினச்சேர்க்கை'யும் சரிப்படலை. அதைக் கேட்டால் நிகில், நைஜல் என்கிற ரெண்டு மனுஷங்க காணாமல் போய் படுக்கை மட்டும்தான் நிற்கும்.

"ஃப்ரெண்டும்மா" என்று மழுப்பினேன்.

படம் போய்க்கொண்டே இருந்தது. அம்மாவின் கையில் கீரை நின்றுவிட்டது. நிகில் படுத்துவிட்ட பிறகு நைஜல் அவனைப் பார்த்துக்கொள்ளும் இடம் வந்ததும் திரும்பி என்னைப் பார்த்தாங்க. "ஃப்ரெண்டுன்னா சொன்னே? பொண்டாட்டிகூட இப்படிப் பார்த்துக்க மாட்டாளேடா!"

அதுக்குமேல் நான் மொழிபெயர்க்கவே தேவைப்படவில்லை.

வார்த்தை இல்லாமல் முழித்தது நான் மட்டுமில்லை என்று அப்புறம் தெரிந்தது. 2021-ல் மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த ரெண்டு பெண்களின் வழக்கை மெட்ராஸ் ஹைகோர்ட்டில் விசாரித்தார் நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ். இந்த விஷயத்தில் தனக்கே புரிதல் போதாது என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, ஒரு மனநல நிபுணரிடம் போய் உட்கார்ந்து கற்றுக்கொண்டு வந்துதான் உத்தரவு எழுதினார்! அதே வழக்கின் தொடர்ச்சியாகத்தான், இவர்களை எந்தச் சொல்லால் மரியாதையாகக் குறிப்பிடுவது என்று தமிழக அரசு 2022-ல் ஒரு சொற்பட்டியலே வெளியிட்டது. தன்பாலீர்ப்பு, பால்புதுமையர் போன்ற சொற்கள் இன்று புழங்குகின்றன. 'தன்பாலீர்ப்பு' முதலில் கெமிஸ்ட்ரி பாடம் மாதிரி இருக்கும். நாலு தடவை சொன்னால் பழகிடும். 'மென்பொருள்' பழகலையா?

படத்தில் எனக்கு ஒரு குறை உண்டு. சொல்லாமல் விட்டால் தப்பு. நிகில் செத்துப்போகணுமா? நோய், தனிமை, சாவு எல்லாம் வந்தால்தான் நாம் கண் கலங்குவோம், கண் கலங்கினால்தான் அவனை மனுஷனாக ஏற்போம் என்று 2005-ல் கணக்குப் போட்டிருக்கிறார்கள். டொமினிக்கின் கதை அப்படித்தான் முடிந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் படத்தைப் பார்த்துவிட்டு 'அவங்களுக்குத்தான் இந்த நோய் வரும்' என்று யாரும் எழுந்து போயிடாதீங்க. இந்தியாவில் எச்.ஐ.வி. பெரும்பாலும் பரவியது ஆண்-பெண் உறவு வழியாகத்தான். நாட்டிலேயே முதன்முதலில் 1986-ல் அதைக் கண்டறிந்தது நம்ம சென்னையில்தான், டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும். கோவாவில் சானடோரியத்தைச் சிறையாக்கினார்கள் என்றால், தாம்பரம் சானடோரியத்தில் இந்த நோயாளிகளைச் சேர்த்துச் சிகிச்சை கொடுத்தார்கள். 2004 ஏப்ரலில் அரசு இலவசக் கூட்டு மருந்தை ஆரம்பித்தபோது முதல் எட்டு இடங்களில் அதுவும் ஒன்று. இன்றைக்கு ஒழுங்காக மாத்திரை சாப்பிடும் ஒரு நிகில், தன் மெடல்களைத் துடைத்துக்கொண்டு வயசாகிப்போகலாம்.

படம் முடிந்தது. மாமா ஒன்றும் பேசவில்லை. அப்பா கேமராவைப் பார்த்துப் பேசுகிற இடத்தில் ஒருமுறை எழுந்துபோய்த் தண்ணி குடித்துவிட்டு வந்ததோடு சரி. அம்மா கீரையை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போயிட்டாங்க. கொஞ்ச நேரம் கழித்து மாமா, "அந்த நோட்டை எடு" என்றார். கண்ணாடி போட்டுக்கொண்டு, 214 வருகிற வரிகளில் விரலை வைத்துக்கொண்டே போனார். உதடு எதையோ கூட்டிக்கொண்டிருந்தது.

"அறுபது ரூபா" என்றார்.

"என்ன மாமா?"

"ஃபைன்டா. ஒரு நாளைக்கு எடுத்துட்டுப் போவான், ரெண்டு நாள் கழிச்சுக் கொண்டாருவான். லேட்டு, எடு பத்து ரூபா, எடு இருபது ரூபான்னு வாங்கியிருக்கேன். ஒரு நாளாவது ஏன்டா தம்பி லேட்டுன்னு கேட்டிருக்கேனா..."

2008-க்குத் தனி நோட்டு. அதை நான் பிரிக்கவே இல்லை. மாமா பிரித்தார். மார்ச் மாசப் பக்கத்தில் விரல் நின்றது. ஏழாவது முறை. 214, ஹி-63.

"டேய், இங்க பாரு" என்றார். "இந்தத் தடவை கூட வேற படம் எடுக்கலடா. இதை மட்டும்தான் எடுத்துட்டுப் போயிருக்கான்."